மெக்னீசியம் தேடும் படலம்

"மெக்னீசியம் இல்லாமல் வைட்டமின் டி சாப்பிட்டால் வீண்" என்கிற வரி கொஞ்ச காலமாக என்னை விடாமல் துரத்துகிறது. உடற்பயிற்சிக்காரர்கள் சொல்கிறார்கள், மூட்டுவலிக்காரர்கள் சொல்கிறார்கள், மாத்திரை விற்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முழுப் பொய்யாக இருந்தால் ஒரு கையால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். இதன் அடியில் ஒரு உண்மை இருப்பதுதான் தொல்லை. அந்த உண்மை எவ்வளவு பெரியது, அதன் மேல் கட்டி எழுப்பிய வியாபாரம் எவ்வளவு பெரியது என்று பார்த்தால் இரண்டுக்கும் பொருத்தமே இல்லை.

பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை, ஒருநாள் மூன்று மெக்னீசியம் மாத்திரை டப்பாக்களைப் படம் எடுத்து அனுப்பினார். ஒன்று ஆக்சைடு, ஒன்று சிட்ரேட், ஒன்று கிளைசினேட். "டி மாத்திரை மாசக்கணக்கா போடுறேன், ரிப்போர்ட்ல பெருசா ஏறவே இல்ல. மெக்னீசியம் சேர்த்தாத்தான் ஏறுமாம். இதுல எதுப்பா டிக்கு நல்லது?" நான் டாக்டர் இல்லை. டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பொறுமையாகப் படிக்கிற ஆள் என்று குடும்பத்தில் ஒரு பெயர், அவ்வளவுதான். எப்போதும் போல உடனே ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போக முடியாமல் அந்தக் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். 'டிக்கு நல்ல மெக்னீசியம்' என்று ஒன்று உண்டா?

உண்மையான பகுதி

தோலில் உண்டானாலும் சரி, மாத்திரையாக வயிற்றுக்குள் போனாலும் சரி, வைட்டமின் டி அப்படியே வேலைக்கு ஆகாது. முதலில் கல்லீரலில் ஒரு மாற்றம், அதற்குப் பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். கல்லீரலிலிருந்து வரும் இடைநிலை வடிவத்தைத்தான் ரத்தப் பரிசோதனையில் அளக்கிறார்கள். சிறுநீரகம் கடைசியாக உருவாக்கித் தருவதுதான் குடலிலும் எலும்பிலும் வேலை செய்கிற வடிவம். இந்த மாற்றங்களைச் செய்யும் நொதிகளுக்கு மெக்னீசியம் துணை நிற்க வேண்டும். டியை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதிலும் மெக்னீசியத்துக்குப் பங்கு உண்டு. போதாததற்கு, கால்சியத்தைக் கண்காணிக்கும் பாராதைராய்டு சுரப்பியே மெக்னீசியம் மிகவும் குறைந்துபோனால் தன் ஹார்மோனைச் சரியாகச் சுரக்காது. உடம்பும் அந்த ஹார்மோனின் பேச்சைச் சரியாகக் கேட்காது.

இது நேற்று இணையத்தில் கண்டுபிடித்த விஷயம் இல்லை. எல்மர் மெக்கோலம் என்ற அமெரிக்க விஞ்ஞானி, எலும்பைக் காக்கும் ஒரு பொருள் மீன் எண்ணெயில் இருக்கிறது, அது வைட்டமின் ஏ அல்ல, வேறொன்று என்று 1922இல் காட்டினார். டி என்ற எழுத்து அதற்குத்தான் கிடைத்தது. அதே மெக்கோலம் 1932இல் தன் சகாக்களோடு சேர்ந்து, மெக்னீசியம் இல்லாத உணவைக் கொடுத்தால் எலிகளுக்கு என்ன ஆகிறது என்றும் ஆராய்ந்தார் (வலிப்பு வந்தது). ஒரே மனிதரின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு கதைகளும் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன. 1960களில் மாரிஸ் ஷில்ஸ் என்ற மருத்துவர், மருத்துவமனையில் வைத்தே சிலருக்கு மெக்னீசியம் மிகக் குறைவான உணவைக் கொடுத்துப் பார்த்தார். கால்சியம் போதுமான அளவு உள்ளே போய்க்கொண்டிருந்தும் ரத்தத்தில் கால்சியம் இறங்கியது. மெக்னீசியத்தைத் திருப்பிக் கொடுத்ததும் சரியானது. 1974இல் லான்செட் இதழில் இன்னும் நேரடியான ஒரு அறிக்கை வந்தது. ரிக்கெட்ஸ் என்ற எலும்பு மெலிந்து வளையும் நோய் வந்த சில குழந்தைகளுக்குப் பெரிய அளவில் வைட்டமின் டி கொடுத்தும் எலும்பு தேறவில்லை. ரத்தத்தில் மெக்னீசியம் குறைவாக இருந்தது. அதைக் கொடுத்த பிறகுதான் தேறினார்கள்.

ஆக, மெக்னீசியம் இல்லாவிட்டால் டி வேலை செய்யாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் இந்த ஆட்கள் யார் என்று பாருங்கள். மெக்னீசியம் கிட்டத்தட்ட இல்லாத உணவில் வைக்கப்பட்டவர்கள், நோய்வாய்ப்பட்ட குழந்தைகள். இதிலிருந்து, ஓரளவு ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒருவர் மேற்கொண்டு மெக்னீசியம் விழுங்கினால் அவருடைய டி எகிறிவிடும் என்ற முடிவுக்குத் தாவுவது பெரிய தாவல். விளம்பரங்கள் அதை மூச்சுவிடாமல் தாண்டுகின்றன.

கூடவே இன்னொரு பயமுறுத்தலும் உலவுகிறது. அதிக அளவில் டி சாப்பிட்டால் அது உடம்பிலுள்ள மெக்னீசியத்தை எல்லாம் தின்று தீர்த்துவிடுமாம். நொதிக்குத் துணை நிற்கிற மெக்னீசியம் அந்த வினையில் எரிந்து தீர்ந்துபோவதில்லை. வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. சாவி மாதிரி என்று நினைத்தால் தெளிவாகிவிடும். மேலும், உடம்பில் இருப்பது ஏறத்தாழ 25 கிராம் மெக்னீசியம். நாம் விழுங்கும் டியோ மைக்ரோகிராம் கணக்கு. டப்பாவில் டியை அளக்கும் அலகான ஐயூவில் சொன்னால், 1000 ஐயூ என்பது வெறும் 25 மைக்ரோகிராம்தான்.

இரண்டு பக்கமும் போன தராசு

நான் சுற்றிச் சுற்றிப் படித்ததில் என் எண்ணத்தைத் திருப்பிப் போட்டது 2018இல் வெளிவந்த ஒரு ஆய்வு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 40 முதல் 85 வயது வரையிலான 180 பேர். யாருக்கு மெக்னீசியம், யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து, 12 வாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மெக்னீசியம் டியை ஏற்றும் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த ஆய்வைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். நானும் அந்த நினைப்போடுதான் திறந்தேன்.

உள்ளே இருந்தது வேறு. ஆரம்பத்தில் டி அளவு ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குப் பக்கத்தில் இருந்தவர்களிடம் மெக்னீசியம் அதை ஏற்றியிருக்கிறது. அதற்கு மேலே, 50 வரை இருந்தவர்களிடம் அதே மெக்னீசியம் அளவை இறக்கியிருக்கிறது! டியை உருவாக்கும் நொதிகளுக்கு மட்டுமல்ல, அதைச் சிதைத்து வெளியேற்றும் நொதிக்கும் மெக்னீசியம் வேண்டும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அதாவது ஏற்றுவதோ இறக்குவதோ மெக்னீசியத்தின் நோக்கம் இல்லை. உடம்பு தன் கணக்கைத் தானே சரிசெய்துகொள்ள அது உதவுகிறது. குறைவாக இருந்தால் ஒரு பக்கம், கூடுதலாக இருந்தால் மறுபக்கம்.

இந்த இரண்டாவது பாதியை மேற்கோள் காட்டுகிற ஒரு விளம்பரத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஏன் என்று புரிகிறது. "உங்கள் டி ஏற்கெனவே நன்றாக இருந்தால் இது அதைக் கொஞ்சம் குறைக்கலாம்" என்று டப்பாவில் அச்சடித்தால் யார் வாங்குவார்கள்? 180 பேரை வைத்துச் செய்த ஒரே ஆய்வை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அது வேறு பெரிய ஆய்வு ஒன்றின் துணைப்பகுதி. ஆனால் இதைப் படித்த பிறகு அக்காவின் கேள்வி எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. எந்த மெக்னீசியம் டியை ஏற்றும் என்று கேட்டால் பதில் கிடைக்காது. அக்காவின் உடம்பில் மெக்னீசியம் குறைவாக இருக்க ஏதாவது காரணம் உண்டா? அதைக் கேட்டால் ஏதாவது கிடைக்கலாம்.

இன்னொன்றும் எனக்கு உறைத்தது. டப்பாவில் சிட்ரேட் என்று இருந்தாலும் கிளைசினேட் என்று இருந்தாலும், குடலில் கரைந்து ரத்தத்துக்குள் வந்த பிறகு மெக்னீசியம் மெக்னீசியம்தான். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உள்ள நொதிகளுக்கு அது எந்த உப்பிலிருந்து வந்தது என்று தெரியாது. ஆகவே, 'டிக்கென்றே தயாரித்த மெக்னீசியம்' என்பதெல்லாம் டப்பாவின் முன்பக்கத்தில் மட்டும் இருக்கிற சரக்கு. வடிவங்களுக்குள் உள்ள வேறுபாடு எல்லாம் அதற்கு முன்னால், வயிற்றோடும் குடலோடும் முடிந்துவிடுகிறது.

பின்பக்கத்துப் பொடி எழுத்து

சரி, ஒருவருக்கு மெக்னீசியம் தேவை என்றே வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது எண். டப்பாவின் முகப்பில் 500 மி.கி, 1000 மி.கி என்று கொட்டை எழுத்தில் இருப்பது பல சமயம் மொத்தச் சேர்மத்தின் எடை. அதில் மெக்னீசியம் மட்டும் எவ்வளவு என்பது பின்பக்கத்தில், சில சமயம் தேடித்தான் கண்டுபிடிக்கும்படி இருக்கும். ஆக்சைடில் எடையில் 60 சதவீதம் மெக்னீசியம். சிட்ரேட்டில் ஏறத்தாழ 16. கிளைசினேட்டில் 14. மூளைக்கு நல்லது என்று விற்கும் திரியோனேட்டில் 8 சதவீதம்தான். 1000 மி.கி கிளைசினேட் என்று பெருமையாகப் போட்டிருந்தால் உள்ளே இருப்பது சுமார் 140 மி.கி மெக்னீசியம்.

அப்படியானால் ஆக்சைடே மேல் அல்லவா என்று தோன்றும். எண்ணிக்கையில் மேல்தான், ஆனால் அது தண்ணீரில் சரியாகக் கரையாது. கரையாதது உள்ளே போகாது. குடலிலேயே தங்கி, தண்ணீரை இழுத்துக்கொண்டு, அடுத்த நாள் காலையில் தன் இருப்பைத் தெரிவிக்கும். மலமிளக்கியாகவும் அமில முறிவு மருந்தாகவும் ஆக்சைடைக் கொடுப்பது வழக்கம் என்பதே அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறது. சிட்ரேட் அதைவிட நன்றாகக் கரையும், நன்றாக உறிஞ்சப்படும். அதற்கும் வயிற்றை இளக்கும் குணம் உண்டு. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இது ஒரு கல்லில் இரண்டு மாங்காய், வயிறு ஏற்கெனவே இளகியிருப்பவர்களுக்கு வேண்டாத வம்பு. கிளைசினேட் வயிற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது என்று பெயர் எடுத்தது. என்னைக் கேட்டால், மலச்சிக்கல் இருந்தால் சிட்ரேட், இல்லாவிட்டால் கிளைசினேட், இதற்குமேல் மண்டையை உடைத்துக்கொள்ள எதுவும் இல்லை. மாலேட், டாரேட் என்று நீளும் பட்டியலில் டி விஷயத்துக்காகத் தனியாகச் சொல்லும்படி எதையும் நான் காணவில்லை. தோலில் தடவும் மெக்னீசியம் எண்ணெய் வழியாகப் போதுமான அளவு உள்ளே போகிறது என்பதற்கும் உருப்படியான ஆதாரம் இல்லை.

கிளைசினேட்டில் ஒரு தில்லுமுல்லு உண்டு. 14 சதவீதம் என்ற கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் நாமே கண்டுபிடித்துவிடலாம். 200 மி.கி மெக்னீசியம் வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 1400 மி.கி கிளைசினேட் வேண்டும். அது ஒரே சின்ன மாத்திரைக்குள் அடங்காது, இரண்டு மூன்று பெரிய மாத்திரைகளாகத்தான் வரும். ஒரே சிறு மாத்திரையில் 200 மி.கி 'கிளைசினேட் மெக்னீசியம்' என்று போட்டிருந்தால், அநேகமாக உள்ளே ஆக்சைடு கலந்திருக்கிறது. 'பஃபர்டு' என்று ஒரு சொல் எங்காவது ஒளிந்திருக்கும். கலப்பது குற்றமில்லை, சொல்லிவிட்டுக் கலந்தால்.

இதே கணக்கு, டியும் மெக்னீசியமும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரைகளின் குட்டையும் உடைத்துவிடுகிறது. டிக்கு வேண்டியது மைக்ரோகிராம், மெக்னீசியத்துக்கு வேண்டியது நூற்றுக்கணக்கான மில்லிகிராம். இரண்டையும் விழுங்கத் தோதான ஒரே காப்ஸ்யூலில் அடைத்தால் எது குறைபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெயருக்கு 30 மி.கி, 50 மி.கி மெக்னீசியம் போட்டுவிட்டு 'டியோடு மெக்னீசியமும்' என்று முகப்பில் எழுதிவிடுவார்கள். இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கியாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கல்லீரல் மாற்றிய டி ரத்தத்தில் வாரக்கணக்கில் இருக்கிறது. மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில் சேமிப்பாக இருக்கிறது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று போட்டாலும் இரண்டும் சந்தித்துக்கொள்ளும்.

அளவைப் பற்றி ஒரு புதிர். அமெரிக்கப் பரிந்துரைப்படி வளர்ந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 420 மி.கி, பெண்களுக்கு 310 முதல் 320 மி.கி மெக்னீசியம் தேவை. அதே பரிந்துரையில் உச்சவரம்பு 350 மி.கி என்று இருக்கிறது. தேவையைவிட வரம்பு குறைவா என்று முதலில் தலை சுற்றும். வரம்பு மாத்திரைக்கும் மருந்துக்கும் மட்டும்தான், சாப்பாட்டில் வருவதற்கு இல்லை. அதுவும் வயிற்றுப்போக்கை வைத்து வகுத்தது. ஐரோப்பாவில் அதே வரம்பு 250 மி.கி. விதைகள், பருப்புகள், முழுத்தானியங்கள், பச்சைக் கீரைகள் இவற்றிலிருந்து கணிசமான பங்கு ஏற்கெனவே வருகிறது என்பதால், மாத்திரை நிரப்ப வேண்டியது மீதியைத்தான். ஒரே தடவையில் அதிகமாக விழுங்கினால் உறிஞ்சப்படும் சதவீதமும் குறையும். பிரித்துச் சாப்பிடச் சொல்வது அதனால்தான்.

மற்ற மாத்திரைகளின் பட்டியல்

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு அக்காவுக்கு போன் செய்தேன். டப்பாவை விட்டுவிட்டு, "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க அக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு உனக்கு?" என்றார். அப்புறம் எடுத்துவந்து ஒவ்வொன்றாக வாசித்தார். தைராய்டுக்கு ஒன்று. நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல். "அது எத்தனை நாளா?" "நாளா? வருஷக்கணக்கா போடுறேன். அது வெறும் கேஸ் மாத்திரைதானே?"

அந்த வெறும் கேஸ் மாத்திரைதான் முக்கியமான சேதி. ஒமெப்ரசோல் வகை மருந்துகளை நீண்டகாலம் சாப்பிட்டால் ரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இலேயே எச்சரித்திருக்கிறது. சிறுநீரைக் கூட்டும் ரத்தக்கொதிப்பு மாத்திரைகளில் சிலவும் மெக்னீசியத்தை வெளியேற்றும். கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, குடிப்பழக்கம் இவையும் அந்த வரிசைதான். மூன்று டப்பாக்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

தைராய்டு மாத்திரையும் கவனிக்க வேண்டியதே, வேறு காரணத்துக்காக. மெக்னீசியம் அதோடு ஒட்டிக்கொண்டு அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், அதனால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளோடும், எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட் போன்றவற்றோடும் இதே சிக்கல் உண்டு. எலும்புக்காக டியும் மெக்னீசியமும் சேர்த்து, அதே வேளையில் அலென்ட்ரோனேட்டையும் விழுங்கினால், எதற்காக இவ்வளவு பாடோ அதுவே கெட்டுப்போகும். இதையெல்லாம் மருந்தாளுநரிடம் பட்டியலை நீட்டினால் சொல்லிவிடுவார், நாம்தான் நீட்டுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே சிறுநீரகம். மிகுதி மெக்னீசியத்தை வெளியேற்றுவது அதுதான். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு மாத்திரை கொஞ்சம் கூடிப்போனால் வயிற்றோடு போய்விடும். பழுதுபட்டவருக்கு அது ரத்தத்தில் தேங்கி, ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, தசைகளைத் தளர்த்தி, இதயத் துடிப்பு வரைக்கும் கை வைக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் எவ்வளவு என்று தெரியாமல் மெக்னீசியம் டப்பாவைத் திறக்காதீர்கள் என்பதை மட்டும் அக்காவிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன்.

அக்கா பட்டியலோடு டாக்டரிடம் போனார். கிரியேட்டினின் சரியாக இருந்தது. ரத்தத்தில் மெக்னீசியம், கீழ் எல்லையை ஒட்டி இருந்தது. உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருக்கிறது. அதனால் ரிப்போர்ட்டில் எண் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை, குறைவாக இருந்தால் மட்டும் நிச்சயம் அர்த்தம் உண்டு. ஒமெப்ரசோலை இனிமேலும் தொடர வேண்டுமா என்று டாக்டர் யோசித்து, படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சிட்ரேட், தைராய்டு மாத்திரை வழக்கம்போல் காலையில் வெறும் வயிற்றில். போகிற போக்கில் இன்னொன்றும் தெரியவந்தது. அக்கா இத்தனை காலமும் டி மாத்திரையையும் காலையில் வெறும் வயிற்றில்தான் போட்டுக்கொண்டிருந்தார். கொழுப்பில் கரைகிற வைட்டமின் அது, சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாக உறிஞ்சப்படும். அதையும் மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினார்.

அடுத்த ரிப்போர்ட்டில் டி ஏறியிருந்தது. "பாத்தியா, மெக்னீசியம் வேலை செஞ்சிருச்சு" என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம். மெக்னீசியமாக இருக்கலாம். சாப்பாட்டோடு டியைப் போட்டதாக இருக்கலாம். முன்பைவிட ஒழுங்காக, ஒரு நாளும் விடாமல் போட்டதாகக்கூட இருக்கலாம். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எது ஏற்றியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை என்றேன். "உனக்கு எதுலதான் திருப்தி?" என்றார்.

இப்போது ஒமெப்ரசோல் அநேகமாக நின்றுவிட்டது. காரணம் போய்விட்டால் மெக்னீசியம் மாத்திரையையும் நிறுத்தலாமா என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு அதில் அவ்வளவாக விருப்பமில்லை. டப்பாவில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறதாம்.